தாளாளர் வீட்டு ஒயரிங்

செவ்வாய்க்கிழமை காலை கடையில் ஒரு கம்ப்யூட்டரைப் பிரித்துப் போட்டிருந்தபோது செய்தி வந்தது. "நம்ம ஏழுமலை போயிட்டான்பா. மாரடைப்பாம்" என்றார் கேபிள் டிவி நண்பர். சரி என்று போனை வைத்தேன். பிரித்ததைத் திரும்ப மாட்டி, எல்லாத் திருகாணிகளையும் முடுக்கி, உரியவரிடம் கொடுத்தனுப்பிய பிறகுதான் அவன் ஊரான கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை.

அவன் காரியத்தில் வாசிப்பதற்காக இதை எழுதுகிறேன். அவனோடு வேலை செய்த உங்களுக்கு அவன் கைத்திறனைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ஒயரின் எட்டு இழைகளையும் அடுக்கிப் பிடித்து, நிறங்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொல்லாமல் முனையில் கிளிப்பை அழுத்த மாட்டான். "மனசுக்குள்ள சொல்லிக்கக் கூடாதா?" என்று கேலி செய்வேன். "மனசுக்குள்ள தப்பா சொன்னா யாருக்குத் தெரியும்?" என்பான்.

நாங்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஆசிரமத்துப் பக்கம் ஒரு பள்ளித் தாளாளரின் வீடு. கீழே அவர் குடும்பம், மாடியில் வாடகைக்கு வெளிநாட்டுக்காரர்கள். மொட்டை மாடியில் ஒரே டிஷ். கூடத்தில் பெரிய ரிசீவர். அங்கிருந்து நெட்வொர்க் ஒயர் வழியாக மூன்று அறைகளின் சிறிய பெட்டிகளுக்குப் படம் போக வேண்டும். ஒயர் இழுப்பது ஏழுமலை; பெட்டிகளுக்கு எண் கொடுத்து இணைப்பது நான். பூஜை அறைச் சுவரைத் துளைத்தால் வழி சுருக்கம். தாளாளரின் அம்மாவே சம்மதித்தும் இவன் கேட்கவில்லை. "சாமி படத்து மேல தூசி விழும்மா. நான் சுத்திக்கிட்டுப் போறேன்" என்று வீட்டைச் சுற்றியே இழுத்தான்.

கார்த்திகை தீபத்துக்கு உறவினர்கள் வந்து வீடு நிறைந்திருந்த நேரத்தில் கோளாறு ஆரம்பித்தது. மாடியில் வெள்ளைக்காரப் பெண்மணி பெட்டியைப் போட்டால், கீழே அந்த அம்மாவின் சீரியல் அப்படியே நின்றுவிடும். வேண்டுமென்றே செய்கிறாள் என்று அந்த அம்மா அவளோடு பேசுவதையே விட்டுவிட்டார். தாளாளர் எல்லார் முன்னாலும் ஏழுமலையைப் பிடித்துக்கொண்டார். "ஊர சுத்தி ஒயர் இழுக்கச் சொல்லி யார்யா உன்ன கேட்டது?" பக்கத்தில் நின்ற நானும், "ஒயர் நீளம் கொஞ்சம் ஜாஸ்திதாங்க" என்றேன். ஏழுமலை என்னைப் பார்த்தான்.

இரண்டு நாள் ஒயர் முழுவதையும் கழற்றிச் சோதித்தான். அதில் கோளாறு இல்லை. பிறகு பெட்டிகளைப் பார்த்திருக்கிறான். இரண்டு பெட்டிகளுக்கு நான் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தேன். ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி. ஒன்றை மாற்றிவிட்டு, "என் ஒயரிங்லதாங்க தப்பு. சரி பண்ணிட்டேன்" என்று தாளாளரிடம் சொன்னான்.

வெளியே வந்ததும், "ஏம்பா அப்படிச் சொன்ன?" என்றேன். அந்தப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறை வேலை அப்போது எனக்குக் கிடைப்பதாக இருந்தது. "மொதல்ல அந்த வேலை உன் கைக்கு வரட்டும். அப்புறமா நீயே சொல்லிக்கோ" என்றான்.

வேலை வந்தது. அதைத் தொடர்ந்து வேறு பள்ளிகளும் வந்தன. நான் சொல்லவில்லை. அந்த வீடு இருந்த செங்கம் சாலையில் அதற்குப் பிறகு யாரும் அவனைக் கூப்பிடவில்லை. அவன் சொந்த ஊருக்குப் போய் பம்ப்செட்டுக்கு ஒயரிங் செய்தான். பௌர்ணமி கிரிவலத்தின்போது அடி அண்ணாமலையில் இரண்டொரு முறை பார்த்தேன். குடும்பத்தை விசாரித்தான். தாளாளரிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்கவே இல்லை. கேட்காததே எனக்கு வசதியாக இருந்தது.

செவ்வாயன்று அவன் வீட்டில் அவன் மனைவி என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அந்த தாளாளர் வீட்டு வேலையில தன்னால உங்க பேரும் கெட்டிருக்குமேன்னு சொல்லிச் சொல்லி வருத்தப்படுவாருங்க" என்றார். கட்டிய மனைவியிடம்கூட அவன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போட்டிருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

அவனுடையது என்று என்னிடம் கருவியோ போட்டோவோ இல்லை. அவன் சுமந்த பழி ஒன்றுதான் மிச்சம். அது என்னுடையது. ஏழுமலையின் ஒயரிங்கில் தப்பு இல்லை. காரியத்தன்று இந்தத் தாளை முதலில் அவன் மனைவிக்குத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன், வாய்விட்டு.