தையல் மெஷினில் ஒட்டிய எழுத்து

என் மகள் ஜப்பானுக்கு வேலைக்குப் போவதற்கு முன்னால் எங்கள் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் போனாள். முதியோர் இல்லத்தில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. அதற்கு அந்த ஊர் எழுத்து படிக்கத் தெரிந்தாக வேண்டுமாம். மனதில் நிற்பதற்காகக் காகிதத்தைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ஓர் எழுத்தைப் போட்டு, அந்தந்தச் சாமான் மேலேயே பசை தடவி ஒட்டினாள். தண்ணீர்க் குடத்தில் ஒன்று, அரிசி டிரம்மில் ஒன்று, கதவில் ஒன்று, என் தையல் மெஷினில் ஒன்று. புதுசாகப் பெயிண்ட் அடித்த கதவு! நான் கத்தாத கத்தல் இல்லை.

அவள் விமானம் ஏறிய பிறகு எல்லாவற்றையும் கிழித்துப் போடலாம் என்று போனேன். மனசு வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன்.

அங்கே போனதும் போனில் ஸ்டேட்டஸ் போட ஆரம்பித்தாள். ஒரு படம், கீழே ஒரு வரி, முழுக்க ஜப்பான் எழுத்து. "இன்னாடி எழுதியிருக்க?" என்று கேட்டேன்.

"அது உனக்கில்லமா. இங்க கூட வேலை செய்றவங்களுக்கு."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் சுருக்கென்றது. என்னிடம் பேசும்போது சாப்ட்டேன், தூங்கினேன், நல்லா இருக்கேன், இவ்வளவுதான் வரும். மிச்சமெல்லாம் அந்த எழுத்துக்குள்ளே இருந்தது. அங்கே நாங்கள் இருக்கிறோமா, இல்லை அடியோடு மறந்துவிட்டாளா? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

"போன்ல காட்டுனா அதுவே தமிழ்ல சொல்லிடுமாமே" என்றார் என் வீட்டுக்காரர். அவலூர்பேட்டை ரோட்டில் ஆட்டோ ஓட்டுகிறவர், ஊர் நியாயமெல்லாம் அவருக்குத் தெரியும்.

"என் பொண்ணு எழுதினத எவனோ எனக்குப் படிச்சுக் காட்டணுமா? நானே கத்துக்கிறேன்."

"அந்த எழுத்துக்குப் பேரு இன்னா?"

"கஞ்ஜியாம்."

"அதான் தினம் குடிக்கிறமே" என்று சிரித்தார். சிரிக்கட்டும்.

வீட்டில் ஒட்டியிருந்ததெல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்துகள். குடத்தில் இருப்பது தண்ணீர், டிரம்மில் இருப்பது அரிசி, மெஷினில் இருப்பது தையல் மெஷின். இதைப் போய் யாராவது சரிபார்ப்பார்களா? தெரியாததை மட்டும் போன் அகராதியில் விரலால் வரைந்து தேடுவேன். அர்த்தம் இங்கிலீஷில் வரும். என்னுடைய பத்தாங்கிளாஸ் இங்கிலீஷ் அதற்குப் போதும். ஆனால் ஒரு கோடு கோணலாகப் போனால் அது வேறு எதையோ காட்டும். ஓர் எழுத்தைப் பிடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிடும். ஸ்டேட்டஸோ ஒரே நாளில் மறைந்துபோகும். பாதி வரி படித்திருப்பேன், மறுநாள் பார்த்தால் படமும் இருக்காது, வரியும் இருக்காது. அதைப் பிடித்து வைக்க வழியிருக்கிறது என்று ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. எத்தனை தடவை போனைக் கட்டிலில் வீசியிருக்கிறேன்!

செஞ்சிக் கோட்டைக்குப் போகிற ரோட்டில்தான் என் தையல் கடை; மிச்ச வேலையை ராத்திரி வீட்டு மெஷினில் முடிப்பேன். துணி வெட்டுகிற மேஜையில் சாக்பீஸால் எழுதுவேன், அழிப்பேன், திரும்ப எழுதுவேன். ஒரு பொங்கல் போனது, இன்னொரு பொங்கலும் போனது. மெதுவாக மழை பிடிபட்டது, கை பிடிபட்டது, குரல் பிடிபட்டது. நடுவில் சுழித்துக்கொண்டு வருகிற பொடி எழுத்துகளைக் கண்டுகொள்ள மாட்டேன்.

அப்போதுதான் கவனித்தேன், இவள் சும்மா சும்மா தையல் மெஷினைப் பற்றியே எழுதுகிறாள். ஒரு நாள் 'தையல் மெஷின், குரல்' என்று இருந்தது. தூங்க விடாமல் கடகடவென்று கத்துகிறது என்று சண்டை போட்டவள், இப்போது அந்தச் சத்தத்துக்கு ஏங்குகிறாள் போலிருக்கிறது. இன்னொரு நாள் 'தையல் மெஷின், கை'. சரி, கையால் சுற்றுகிற சக்கரத்தைச் சொல்கிறாள். அப்புறம் ரசம் சாதத்தைப் படம் எடுத்துப் போட்டு 'தையல் மெஷின், ருசி' என்றாள். அகராதிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, மெஷினுக்கு மட்டும் இத்தனை வரியா! எனக்கு அந்த இரும்பு மேல் பொறாமையாக இருந்தது. ஆனாலும் நம் பிழைப்பையாவது நினைத்துக்கொள்கிறாளே என்று சந்தோஷமும் வந்தது. அந்தச் சந்தோஷத்தில் அந்த எழுத்தையே கடைக்கு அடையாளமாக்கிக்கொண்டேன். சாய்ந்த பெட்டி, குறுக்கே ஒரு கோடு, மேலே ஒரு புள்ளி, கீழே ஒரு புள்ளி. தைக்கிற ஜாக்கெட்டுக்கெல்லாம் முதுகுப் பக்கம், உள்ளே, சிவப்பு நூலில் அதைத் தைத்துக் கொடுத்தேன்.

ஒரு நாள் சீயமங்கலத்திலிருந்து வருகிற வாடிக்கைக்காரி ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாக்கா இது? உள்ள இன்னாத்தயோ தெச்சு வெச்சிருக்க? இத போட்டதுலருந்து வீட்ல ஒரே சண்ட. செய்வினையா?"

"இதுக்கு முன்னாடி உன் வீட்ல சண்டையே இல்லியா?"

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "இருந்துச்சிதான்."

"பின்ன? இது ஜப்பான் எழுத்து. தையல் மெஷின்னு அர்த்தம். என் பொண்ணு எழுதினது."

அவள் துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப என் பொண்ணு கல்யாண ஜாக்கெட்டுக்கும் போட்டுடு, பெருசா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பெருமை தாங்கவில்லை எனக்கு. அன்று சாயங்காலம் மகள் வீடியோவில் வந்ததும், ஒரு ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பி அவளுக்குக் காட்டினேன்.

"நீ மட்டுந்தான் படிப்பியா? இது இன்னா எழுத்து, சொல்லு. தையல் மெஷின்! நம்ம கடை மார்க்கே இப்ப இதான்."

அவள் திரைக்குக் கிட்டே வந்து உற்றுப் பார்த்தாள். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள் பாருங்கள், போன் கை நழுவி அவளுடைய அறையின் கூரைதான் தெரிந்தது. திரும்பி முகத்தைக் காட்டியபோது கண்ணெல்லாம் ஈரம்.

"மெஷின்னு யாருமா சொன்னது உனக்கு? அம்மான்னு அர்த்தம்."

"அப்புறம் எதுக்குடி மெஷின்ல ஒட்டின?"

"மொதல்ல உன் மேலதான் ஒட்ட வந்தேன். நீ ஸ்கேல எடுத்துக்கிட்டு அடிக்க வந்த. எப்பவும் அங்கதான உக்காந்திருப்ப, அதான் அதுல ஒட்டினேன்." மறுபடியும் சிரித்தாள். "நைனா கிட்ட சொல்லு, செஞ்சி பொம்பளைங்க எல்லாரும் முதுகுல அம்மாவ தூக்கிக்கிட்டுத் திரியறாங்கன்னு!"

எனக்கு வேறு எதுவும் காதில் விழவில்லை. அந்த வரிகளெல்லாம் எப்போதோ மறைந்து போனவை. போகட்டும், ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் முழுக்க மாரடித்தவள் நான், எல்லாம் எனக்கு மனப்பாடம். அம்மாவின் குரல். அம்மாவின் கை. ரசம் சாதத்துக்குக் கீழே, அம்மாவின் ருசி.

உனக்கில்லமா என்றாளே, கழுதை. எழுதினதெல்லாம் என்னைத்தான்.