பல்லின் மேல் போட்ட பழி

என் மகளுக்குப் பல் முளைத்த கதை எங்கள் வீட்டில் ஒரு புராணம். "உனக்குப் பல்லு முளைச்சப்போ வீட்டையே ஒரு வழி பண்ணிட்டே" என்று என் கணவர் ஆரம்பித்தால் போதும், ஏழு வயது மகள் விழுந்த முன்பல்லின் ஓட்டை தெரியச் சிரிப்பாள். எத்தனை முறை கேட்டாலும் அவளுக்கு அலுக்காது. எனக்குத்தான் அந்தக் கதை வந்தாலே இருப்புக் கொள்ளாது. எழுந்து போய், துடைத்த அடுப்பையே மறுபடி துடைப்பேன்.

கதை இவ்வளவுதான். அவள் ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது வயிற்றால் போக ஆரம்பித்தது. கிள்ளானில் எங்களுடையது மலிவு விலை அடுக்குமாடி வீடு. எதிர்வீட்டு ஆன்டி வந்து பார்த்துவிட்டு, "பல்லு வருது லா. எல்லாப் பிள்ளைக்கும் இப்படித்தான் போகும், பயப்படாதே" என்றார். பல் வந்தது. வயிறு நிற்கவில்லை. அடுத்த பல் வருகிறது என்றார்கள். ஒரு பல் வெளியே வந்ததும் அடுத்த பல்லுக்குக் காத்திருந்தோம். கடைசியில் எல்லாப் பாற்பற்களும் வந்து உட்கார்ந்துவிட்டன, அப்போதும் போய்க்கொண்டுதான் இருந்தது. இனி பல்லைச் சொல்ல வழியில்லை என்றதும் கண்ணேறு என்றார்கள்.

வயிற்றால் போகும்போதெல்லாம் முட்டையை நிறுத்தினோம், மீனை நிறுத்தினோம். வயிறு கெட்டிருக்கும்போது கனமாகக் கொடுக்கக் கூடாதாம். வெறும் கஞ்சித் தண்ணீர். கொஞ்சம் தேறி, கையில் சதை பிடிக்கிற நேரத்தில் மறுபடி ஆரம்பித்துவிடும்.

இப்போது அவள் பள்ளியில் முதலாம் ஆண்டு. வகுப்பில் எல்லாரையும்விடக் குட்டை, அதனால் எப்போதும் முதல் வரிசை. ஆசிரியை என்னைக் கூப்பிட்டுப் பேசினார். "நல்ல பிள்ளைதான், சொன்ன பேச்சு கேட்கிறா. ஆனா நேத்து படிச்ச எழுத்தை இன்னைக்குப் புதுசா பார்க்கிற மாதிரி பார்க்கிறா. கொஞ்சம் மெதுவாத்தான் வர்றா." அந்த 'மெதுவா' என் காதைவிட்டுப் போகவே இல்லை. கொமியூட்டர் ரயிலில் வேலைக்குப் போகும்போது உட்கார இடம் கிடைத்தாலும் நின்றுகொண்டே போனேன்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் நிற்பது என் வேலை. எங்கள் முதலாளிக்குத் தண்ணீர் விஷயத்தில் ஒரு கிறுக்கு. வடிகட்டி கொஞ்சம் பழுப்படித்தாலே மாற்றச் சொல்லிக் கத்துவார். தண்ணீர்த் தொட்டியை அவரே ஏறிப் பார்ப்பார். பக்கத்துப் பங்சாரிலிருந்து வரும் ஆபீஸ்காரர் ஒருவருக்கு வயிறு கலக்கினால்கூடக் கடை பெயர் கெட்டுவிடும் என்பார். நான் அதையெல்லாம் வேடிக்கையாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில்தான் மகன் பிறந்தான். அவனுக்கு ஆறு மாதம் ஆகும்போது எங்கள் வட்டாரத்தில் தண்ணீர் தடைபட்டது. திரும்பி வந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் வந்தது. அந்த வாரமே அவனுக்கு வயிற்றால் போனது. ஆன்டி வாசலிலிருந்தே, "பல்லுதான் லா" என்றார். கணவரும், "அக்கா மாதிரியே தம்பியும் ஆரம்பிச்சிட்டான்" என்று சிரித்தார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. கையைக் கழுவிக்கொண்டு மகனின் ஈறைத் தடவிப் பார்த்தேன். மேலும் கீழும் வழவழவென்று இருந்தது. பல்லாவது, ஒன்றாவது! அப்படியே தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு ஓடினேன்.

தாதி மருந்து கொடுத்துவிட்டு, தாய்ப்பாலை நிறுத்தாதீங்க, சாப்பாட்டையும் குறைக்காதீங்க என்றார். பிறகு, "பாட்டில் எந்தத் தண்ணியில கழுவுறீங்க?" என்று கேட்டார். நான் வேலைக்குப் போனால் அவனுக்குப் பாட்டில் பால்தான். பால் கலக்கத்தான் தண்ணீரைக் கொதிக்க வைப்போம். பாட்டிலைக் கழுவுவது குழாய்த் தண்ணீரில். மகளுக்கும் அப்படித்தான் கழுவினேன். மகளைப் பற்றியும் கேட்டேன். "சின்னதுல அடிக்கடி போனா சாப்பிட்டது உடம்புல ஒட்டாது. வளர்த்தி, படிப்பு எல்லாத்தையும் பின்னால இழுக்கலாம். உங்க பிள்ளைக்கு அதனாலதான்னு என்னால சொல்ல முடியாது. இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

வரும் வழியெல்லாம் முதலாளி ஏறிப் பார்க்கும் தொட்டிதான் ஞாபகம். திரும்பி வந்து வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலிலேயே மகனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, மொட்டைமாடிச் சாவி வைத்திருக்கும் குடியிருப்பாளர் குழுத் தலைவர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"அண்ணே, தொட்டியைப் பார்க்கணும்."

"அதெல்லாம் எதுக்குமா? கழுவணும்னா தண்ணியை அடைக்கணும். புளோக்குல எல்லாரும் கத்துவாங்க."

"கத்தட்டும். என் பிள்ளை ராத்திரி பூரா கத்துறான், யாராவது வந்து கேட்டீங்களா?"

முணுமுணுத்துக்கொண்டே வந்து திறந்தார். எந்த மழைக்காற்றிலோ தொட்டியின் மூடி நகர்ந்து கிடந்தது. உள்ளே புறா இறகுகள் மிதந்தன, அடியில் பச்சையாக ஏதோ படிந்திருந்தது. "எப்பலேருந்து திறந்து கிடக்கு?" என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. என் மகள் பிறந்த வருடமும் இப்படித்தான் கிடந்ததா என்று யாரிடம் போய்க் கேட்பது? தலைவர் தொட்டி கழுவும் ஆட்களுக்குப் போன் போட்டார்.

கழுவி முடிக்கும்வரை எல்லாரும் வாளி தூக்கினார்கள், தூக்கிக்கொண்டே என்னைத் திட்டினார்கள். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மகனுக்கு வயிறு நின்றது. பாட்டிலையும் கொதிநீரில் போட ஆரம்பித்தேன்.

பிறகொரு காலை அவனுக்கு மசித்த முட்டை ஊட்டும்போது கரண்டியில் 'டிக்' என்று ஏதோ பட்டது. மகள்தான் முதலில் கத்தினாள், "அம்மா, தம்பிக்குப் பல்லு!" கீழ் ஈறில் அரிசி முனையளவு வெள்ளை. வயிற்றுப்போக்கு, காய்ச்சல், அழுகை எதுவுமில்லை. அவன் பாட்டுக்கு இன்னும் முட்டை வேண்டுமென்று வாயைத் திறந்தான்.

மகள் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"தம்பி பல்லு நல்ல பல்லா? என் பல்லு மட்டும் கெட்ட பல்லா?"

"உன் பல்லு மேல ஒரு தப்பும் இல்லடா. தண்ணிதான் கெட்டுப் போயிருக்கும்."

"அப்ப தொட்டியை அப்பவே கழுவியிருக்கலாமே?"

கரண்டி என் கையிலேயே இருந்தது. தம்பி இன்னும் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். அவள்தான் என் கையிலிருந்து கரண்டியை வாங்கி அவனுக்கு ஊட்டினாள்.