ஆறாமீனில் ஏழாவது

கடலுக்குப் போய்வந்த என் வீட்டுக்காரர், "நடுக்கடல்லேர்ந்து பாத்தா கார்த்திகைக் கூட்டத்துல ஏழு வெள்ளி கீது" என்பார். அந்த நட்சத்திரக் கூட்டத்தை ஆறாமீன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். எண்ணூரில் எங்கள் தெருவிலிருந்து பார்த்தால், ஆலை வெளிச்சத்தில் ஒரு மங்கல் திட்டுதான். அவர் தவறி மூன்று வருடமாகிறது.

போன புயலில் ஆலை உட்பட ஊருக்கே கரண்ட் போனது. மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் வானம் தெளிந்தது. மாடியில் நின்று எண்ணினேன். அதற்குள் லைன்மேன் கம்பத்தில் ஏறிவிட்டார். மோட்டார் ஓடாமல் தெருவே தண்ணீருக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆனாலும் கத்தினேன்: "நைனா, அஞ்சு நிமிசம்! ஆறு எண்ணிட்டேன், அவரு சொன்ன ஏழாவது வெள்ளி பாக்கி கீது!"

லைன்மேன் அண்ணாந்து பார்த்தார். டார்ச்சை அணைத்தார். கீழே எல்லோரும் திட்டினார்கள்.

விளக்குகள் எரிந்தபோது, "கெடச்சுதாக்கா?" என்றார்.

"கெடச்சுது நைனா" என்று பொய் சொன்னேன்.

இப்போதும் கரண்ட் போனால் எல்லோரும் விசிறி தேடுவார்கள். நான் மாடிப்படி ஏறுவேன்.