நாற்பத்திரண்டு குடும்பங்களின் மெம்பர்

சுடலைமுத்து மாகாண சபை உறுப்பினராக இருந்தது ஐந்தே ஐந்து வருடம். 2018இல் சபையின் காலம் முடிந்தது. பிறகு தேர்தலும் நடக்கவில்லை, வேறு உறுப்பினரும் வரவில்லை. அதனால் எங்கள் சனத்துக்கு இன்றும் அவர்தான் மெம்பர். காது குத்தினாலும் கடை திறந்தாலும் முதல் மாலை அவருக்கு. புளியங்குளம் சந்தியில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கும் நான்தான் அவருடைய கடிதங்களைத் தட்டச்சு செய்கிறேன்.

தொழிலால் அவர் மேசன். எழுபத்தேழில் கலவரத்துக்குப் பயந்து தேயிலைத் தோட்டத்தை விட்டு ஓடிவந்த குடும்பம். அப்படி வந்த நாற்பத்திரண்டு குடும்பங்கள் இங்கே காடு வெட்டிக் குடியிருக்கின்றன. ஒருவருக்கும் அரசாங்கம் எழுதித் தரும் காணிப் பெர்மிட் கிடையாது, அவருக்கும்தான். பதவிக் காலத்தில் இரண்டு பொதுக்கிணறும் ஒரு முன்பள்ளியும் கட்டுவித்தார். நிதி போதாதென்று முன்பள்ளிச் சுவரைத் தானே நின்று பூசினார்.

சபை முடிந்ததும் பழையபடி மேசன் வேலை கேட்டுப் போனார். "மெம்பரைக் கொண்டு கல்லு அடுக்கிறதோ? சனம் எங்களை என்ன கதைக்கும்?" என்று கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். மரியாதை ஒரு மனிதனின் வயிற்றில் அடிப்பதை நான் அப்போதுதான் கண்டேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்போது மனைவி ராஜினி தைக்கும் பள்ளிச் சட்டைகளில்தான் வீடு ஓடுகிறது.

வவுனியாவில் இருக்கும் மகளோடு போய் இருக்கச் சொன்னேன். அங்கே அவரை யாருக்கும் தெரியாது, வேலை கிடைக்கும்.

"இந்தச் சனத்துக்குப் பெர்மிட் வராமல் எப்பிடிப் போறது?" என்பார். நல்ல மனுசன் என்று நினைத்தேன். அது பாதி உண்மை.

போன மாசியில் ஒரு மத்தியானம் அமராவதி அக்காவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அக்காவின் வளவுக்குள் வன இலாகாக்காரர்கள் புதிதாக எல்லைக்கல் நட்டிருக்கிறார்கள். கிணறும் தென்னைகளும் காட்டுப் பக்கம் போய்விட்டன. அக்காவுக்குப் புருசன் இல்லை, அந்த வளவு போனால் ஒன்றுமில்லை. மெம்பர் சொல்லச் சொல்ல நான் காணிக் கந்தோருக்கான கடிதத்தைத் தட்டினேன். 'நாற்பத்திரண்டு குடும்பங்கள்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டார்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும். சபை முடியிறதுக்கு முதல் வருசம் காணிக் கந்தோரிலை பத்தொன்பது பேருக்குப் பெர்மிட் தாறம் எண்டவை. மிச்சத்தைப் பிறகு பாப்பம் எண்டவை. நான்தான் மாட்டன் எண்டிட்டன். குடுத்தா எல்லாருக்கும் குடுங்கோ எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்திட்டன்."

அக்கா கதிரையை அவர் பக்கம் திருப்பினா.

"அந்தப் பத்தொன்பதிலை நான் இருந்தனானோ?"

"ஓம். நாலாவது பேர்."

நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமாக இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டா அந்த மாலைகளுக்கெல்லாம் கழுத்தை நீட்டினார்? அக்கா அவரைத் திட்டுவா என்று காத்திருந்தேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். திட்டியிருந்தால் அன்றைக்கே அவர் வவுனியாவுக்கு பஸ் ஏறியிருப்பார்.

அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டா.

"எங்களுக்கெண்டு வேற ஆர் இருக்கினம், மெம்பர்? கடிதத்தைச் சொல்லுங்கோ, தம்பி அடிக்கட்டும். கந்தோர் பூட்டிப்போடுவினம்."