எதிரெதிர் நாற்காலிகளும் ஒரு பழைய கம்பளமும்

தையல்கார அம்மாள் தம் வாழ்நாளில் எத்தனையோ பிடிவாதக்காரர்களுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவர். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுத்துவிட்டு, பிறகு உடை இறுக்குகிறதென்று சண்டைக்கு வந்தவர்களையும் சமாளித்தவர். ஆனால் சொந்த வீட்டுக் கூடத்தில் ஒரு கம்பளம் விரிக்கும் விஷயத்தில் தம் கணவரைச் சமாளிக்க அவரால் முடியவில்லை.

கணவர் நில அளவைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். அலுவலகத்தில் அவருக்கு 'டேப்பார்' என்று பெயர். வயலையும் வரப்பையும் அளந்து தீர்த்த கை, ஓய்வுக்குப் பின் அளக்க ஏதும் இல்லாமல் தவித்தது. புதிய அடுக்குமாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே அவர் சட்டம் பிறப்பித்துவிட்டார்.

"கூடத்துக்கு நல்லதா ஒரு பழைய கைநெசவுக் கார்பெட் போடணும். தரை முடிவாகாம மேல ஒரு சாமானும் வெக்கக் கூடாது. வெச்சுட்டா அப்புறம் யாரு தூக்கறது?"

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அதன் விளைவாகச் சோபா, தண்டனை பெற்ற மாணவனைப் போலச் சுவரைப் பார்த்து நின்றது. புத்தக அலமாரி நடைவழியை அடைத்தது. தையல் இயந்திரம் படுக்கையறைக் கட்டிலோடு முட்டிக்கொண்டு கிடந்தது. கூடத்தில் இரண்டு நாற்காலிகளுக்கு மட்டுமே அனுமதி கிடைத்தது. ஜன்னலோரத்து நாற்காலி அவருடையது. அதற்கு நேரெதிரே சமையலறை வாசலருகில் இருந்தது அம்மாளுடையது. ஒருவர் நாற்காலியில் மற்றவர் உட்காரும் பழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

கடைத்தெருவின் கோடியில் பழைய கம்பளங்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அந்தக் கடைக்காரர் நல்ல மனிதர். பிடித்த கம்பளத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் விரித்து, பகல் வெளிச்சத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பார்த்து, மனம் ஒப்பினால் வைத்துக்கொள்ளலாம், இல்லையேல் திருப்பி அனுப்பலாம் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். அந்த வழக்கத்தை ஏற்படுத்திய நாளில் அவருக்கு டேப்பாரைத் தெரியாது.

முதலில் வந்த கம்பளத்தின் குஞ்சத்தை டேப்பார் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நீளவாக்கில் ஓடும் பாவு நூலே நீண்டு குஞ்சமாக வர வேண்டும். இதிலோ தனியாகத் தைத்து ஒட்டியிருந்தார்கள். திருப்பி அனுப்பினார். அடுத்ததை ஈரக் கைக்குட்டையால் தேய்த்தார், கைக்குட்டை சிவந்தது. மூன்றாவதை மடித்துக் காதருகே வைத்துக்கொண்டார். இற்றுப்போன நூல் அப்பளம் போல நொறுங்கியது. அதுவரை அவர் பேச்சில் நியாயம் இருந்ததை அம்மாளும் மறுக்கமாட்டார். ஆனால் அதன்பின் குறையற்ற கம்பளங்கள் வரத் தொடங்கின. தொல்லையும் அப்போதுதான் தொடங்கியது. ஒன்றின் தலைப்பக்கம் கால்பக்கத்தைவிட விரற்கடை அகலம் கூடுதல் என்றார். கையால் நெய்தது அப்படித்தான் இருக்கும் என்று கடைக்காரர் சொன்னார். "எல்லைக்கல் நகர்ந்த மாதிரி இருக்கு, பாக்க முடியல" என்று அதையும் அனுப்பிவிட்டார்.

இத்தனையையும் ஏற்றி இறக்கியவர் அம்மாளின் தம்பி. சரக்கு வேன் ஓட்டுபவர்.

"அக்கா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. இப்பல்லாம் என் வண்டியப் பாத்தாலே கடைக்காரரு உள்ள போயி ஒளிஞ்சுக்கறாரு."

"நீ ஏண்டா தூக்கற? இடுப்பு வலின்னு சொல்லேன்."

"சொன்னேனே. அப்படியா மாப்ள, அப்ப மெதுவா ஓட்டுன்னுட்டாரு மாமா."

வடிவச் சண்டை ஓய்ந்து நிறச் சண்டை வந்தது. நல்ல நீலக் கம்பளம் ஒன்று வந்தபோது கணவர் அதை மைக்கறுப்பு என்றார். அம்மாள் சாம்பல் பூத்தது என்றார். அதுவும் போயிற்று. கடைசியாகச் சிவப்புக் கம்பளம் ஒன்றைக் கடைக்காரரே நேரில் கொண்டுவந்து விரித்தார்.

"ஐயா, இதுக்கு மேல ஒளிச்சு வெக்கக்கூட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. திங்கக்கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க. அதையே உத்துப் பாக்காம ஒரு தடவ சுத்தி வந்து பாருங்க, போதும்."

டேப்பார் சுற்றித்தான் வந்தார். ஓரத் தையலில் பூதக்கண்ணாடியை ஊன்றிக்கொண்டு, குனிந்த தலை நிமிராமல். ஒரு மூலையில் பழைய ஒட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். நேர்த்தியான வேலை என்று அதையும் ஏற்றுக்கொண்டார். பிறகு தம் நாற்காலியில் போய் அமர்ந்து உதட்டைப் பிதுக்கினார்.

"சரக்குல குறையே இல்ல. ஆனா வெளுத்துப் போயிருக்கு. உசுரே இல்ல."

"வெளுப்பா? ஏங்க, கண்ணத் தொறந்துதான் பாக்கறீங்களா? பீட்ரூட்ட அரைச்சுக் கொட்டின மாதிரி இருண்டு கெடக்கு."

"உன் கண்ணத்தான் மாத்தணும்."

"கண்ணாடியே இல்லாம ஊசியில நூல் கோக்கறவ நான். மாத்தறதுன்னா வேற எதையாவதுதான் மாத்தணும்."

இந்த விளையாட்டெல்லாம் அம்மாளுக்கு வேறு சமயமாக இருந்தால் சிரிப்பாகக்கூட இருந்திருக்கும். ஆனால் படுக்கையறையில் பாசிப்பச்சை வெல்வெட் துணி மூட்டை மூட்டையாகக் காத்திருந்தது. பக்கத்துப் பள்ளியின் மேடைத் திரைக்கானது. பழைய பேட்டையில் அம்மாளைத் தெரியாத வீடு கிடையாது. இங்கேயோ மேல்மாடிக்காரியைத் தவிர யாரும் ஒரு ஜாக்கெட்கூடக் கொடுத்ததில்லை. அந்தத் திரை பள்ளி அரங்கில் தொங்கினால், வந்துபோகும் அத்தனை தாய்மாரும் தைத்தவர் யாரென்று கேட்பார்கள். நழுவவிட்டால் கட்டிலோரத்தில் பித்தான் தைத்துக்கொண்டே காலம் கழிக்க வேண்டியதுதான். அவ்வளவு நீளத் துணியைப் பரப்பி வெட்டக் கூடத்துத் தரையை விட்டால் வேறு இடமில்லை. தலைமையாசிரியை அன்று தொலைபேசியில் தெளிவாகவே சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை காலைல வர்றேம்மா. வெட்டியிருந்தா சரி. இல்லன்னா துணிய எடுத்துட்டுப் போயி வேற ஆளப் பாத்துக்கறேன். வருத்தப்படாதீங்க."

அம்மாள் கணவரிடம் வந்தார்.

"ரெண்டு நாளைக்கு இதச் சுருட்டி ஓரமா வெக்கறேங்க."

"அடுத்தவன் சொத்து. மடிப்பு விழுந்தா என்ன பண்றது? முதல்ல இது முடிவாகட்டும்."

"இது முடிவாகறதுக்குள்ள நான் முடிஞ்சுடுவேன்!"

ஞாயிறு காலை டேப்பார் மைத்துனரைக் கிளப்பிக்கொண்டு ஊருக்கு வெளியே இன்னொரு கம்பளம் பார்க்கப் போனார். வேன் தெருமுனை திரும்பும்வரை ஜன்னலருகே நின்ற அம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினார். சட்டமாவது ஒன்றாவது! சமையலறைப் பக்கமிருந்து கம்பளத்தைச் சுருட்டத் தொடங்கினார். பாதி தூரம் உருட்டுவதற்குள் மூச்சு வாங்கிற்று. கைக்கு எட்டியது ஜன்னலோரத்து நாற்காலி. அதில் தொப்பென்று உட்கார்ந்து நிமிர்ந்தார்.

எதிரே கிடந்த மீதிக் கம்பளம் உலர்ந்த ரோஜா இதழின் நிறத்தில் இருந்தது.

வெயில் படுகிறது போலும் என்று ஜன்னல் திரையை இழுத்து மூடினார். அப்போதும் ரோஜாதான். கண்ணைக் கசக்கினார். ஒருவேளை கண் விஷயத்தில் அந்த மனிதர் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால்? அந்த எண்ணமே அம்மாளுக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அதை ஆராய நேரமும் இல்லை. வெல்வெட்டின் ஒரு மூட்டையை இழுத்துவந்து, பாதி தரையிலும் பாதி கம்பளத்தின் மீதுமாக விரித்தார்.

வெட்டுமுன் வெல்வெட்டைத் தடவிப் பார்ப்பது அவருக்கு அனிச்சைச் செயல். ஒரு திசையில் தடவினால் வழுக்கும். எதிர்த்திசையில் முள்ளாக நிமிரும். முடி சாயும் திசைக்குச் சாக்கட்டியால் அம்புக்குறி போட்டார். எல்லாப் பாகங்களையும் ஒரே திசையில் வெட்ட வேண்டும்; ஒன்று தலைகீழாகப் போனாலும், ஒரே துணி வெளுப்பும் கறுப்புமாக இரண்டு துணி போலக் காட்டும். தம்மிடம் வேலை கற்ற பெண்கள் அத்தனை பேருக்கும் அவர் சொன்ன முதல் பாடம் அதுதான்.

அம்புக்குறி போட்ட கை அந்தரத்தில் நின்றது. மெல்ல இறங்கி, பக்கத்தில் கிடந்த கம்பளத்தைத் தடவியது. ஒரு திசையில் வழுக்கியது. எதிர்த்திசையில் நிமிர்ந்தது.

"அட, என் புத்தியைச் செருப்பால அடிக்க!" என்று அம்மாள் உரக்கவே சொல்லிக்கொண்டார். கணவர் மேல் இத்தனை நாளும் சேர்த்து வைத்திருந்த எரிச்சல் முழுவதும் இப்போது தம் பக்கம் திரும்பியது. அவராவது நிலம் அளந்தவர், அவருக்கு எங்கே தெரியும்? வெல்வெட்டிலேயே காலம் தள்ளிய தமக்கு, எதிர் நாற்காலியில் ஒரு தடவை உட்காரத் தோன்றவில்லையே!

ஆனாலும் வேலை முதலில். கம்பளத்தை முழுதாகச் சுருட்டிச் சுவரோரம் தள்ளினார். கத்தரிக்கோல் எடுத்தவர் கடைசிப் பாகம் வெட்டி முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகுதான் உருளையைத் தரையோடு இழுத்துத் திசை மாற்றி, ஜன்னல் பக்கம் இருந்த முனை சமையலறைப் பக்கம் வருமாறு விரித்தார்.

மாலையில் மைத்துனர் பின்தொடர, டேப்பார் வெறுங்கையோடும் வாடிய முகத்தோடும் வந்து தம் நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த நொடி நிமிர்ந்தார்.

"இதுதான்! இந்தக் கலரத்தானே நான் தலைபாடா அடிச்சுக்கிட்டேன்! இது எப்ப வந்துச்சு?" பூதக்கண்ணாடியோடு மண்டியிட்டவர், ஒட்டைக் கண்டு திகைத்தார். "இந்த ஒட்டு அந்த மூலையில இல்ல இருந்துச்சு?"

"எழுந்திருங்க. இங்க வந்து உக்காருங்க."

"உன் நாற்காலியிலயா?"

"கடிக்காது, உக்காருங்க."

உட்கார்ந்தார். பார்த்தார். எழுந்து ஜன்னலோரம் போய்ப் பார்த்தார். மறுபடி வந்து பார்த்தார்.

"அப்ப நான் சொன்னதும் சரிதான்."

"நான் சொன்னதும் சரிதான். ரெண்டு சரியும் சேந்துதான் இந்த வீட்டக் குட்டிச்சுவராக்கிச்சு."

அவர் காதில் அது விழவில்லை. முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப அந்த நீலம்! அதையும் இப்படித் திசை மாத்திப் பாத்திருக்கலாமே? மாப்ள, வண்டிய எடு!"

"டேய், வண்டி கிண்டின்ன, தொலைச்சுடுவேன்," என்றார் அம்மாள் தம்பியிடம். "சோபாவ அந்தப் பக்கம் பிடி."

"வந்தேங்கா!" தம்பி அவ்வளவு உற்சாகமாக எதையும் தூக்கி அந்த வீடு பார்த்ததில்லை.

"ஓரத்துல எவ்வளவு எடம் விடணும்னு நான் இன்னும் அளக்கவே இல்லையே!"

"சோபா மேல உக்காந்துக்கிட்டு அளங்க."

சோபா இறங்கியது. அலமாரியும் வந்து நின்றது. நடைவழி பிறந்தது.

திங்கட்கிழமை காலை வந்த தலைமையாசிரியை, அடுக்கி வைத்த வெல்வெட் பாகங்களின் அம்புக்குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருப்தியோடு தலையசைத்தார். தைத்து முடித்ததும் சொல்லுங்கள் என்று கூறிவிட்டு, சமையலறை வாசலருகிலிருந்த நாற்காலியில் அமர்ந்தார்.

"கார்பெட் ரொம்ப நல்லா இருக்கும்மா. என்ன அழகான ரோஸ் கலர்!"

ஜன்னலோர நாற்காலியில் டேப்பார் நெளிந்தார். அம்மாள் பல்லைக் கடித்தபடி ஒரு பார்வை பார்த்தார். அவர் அடங்கினார், ஆனால் எவ்வளவு நேரம்தான் அடங்குவார்?

"ரோஸா? மேடம், சிரமம் பாக்காம கொஞ்சம் எழுந்து இப்படி வந்து உக்காருங்களேன்."