குழாயடியில் வராத மொழி

நான் ஐந்தாவது வரை படித்தவள். பெங்களூரில் நீலசந்திராவில் இருக்கிறேன். நர்ஸ் வேலைக்கு ஜெர்மனி கிளம்பிய என் மகள் கலா, "அந்த பாஷை கொஞ்சம்தாம்மா வருது. இன்னும் ஆறு மாசம் கிளாஸ் போறேனே" என்றாள்.

"நான் கன்னடம் எந்த கிளாஸ்ல கத்துகிட்டேன்? தண்ணிக் குழாய்ல நின்னு நின்னே வந்துச்சு. போடி, தானா வரும்" என்று அனுப்பிவிட்டேன்.

அங்கே ஒரு நோயாளி மூச்சு முட்டுகிறது என்று சொன்னது அவளுக்குப் புரியவில்லை. வேறொரு நர்ஸ் ஓடி வந்ததால் அவர் பிழைத்தார். கலாவை வார்டிலிருந்து எடுத்து, துணி மடிக்கப் போட்டுவிட்டார்கள்.

"இங்க குழாயடி இல்லம்மா. யாரும் நின்னு பேசறதே இல்ல" என்று போனில் அழுதாள்.

இப்போது அங்கே போகிறேன் என்று யார் வீட்டுப் பெண் சொன்னாலும், கூச்சத்தை விட்டு நானே போய், "பாஷைய முடிச்சிட்டுப் போம்மா" என்கிறேன். கலா என்னிடம் அதிகம் பேசுவதில்லை.