தானாக வந்த சிரிப்பு

"உங்களுக்கு வந்திருப்பது புற்றுநோய்தான்," என்று டொக்டர் சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த மகள் என்னையே பார்த்தாள்.

எனக்குப் பத்து வயதில், விடத்தல்தீவுக் கரைக்கு அப்பா இல்லாத வள்ளத்தை இழுத்து வந்தார்கள். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அழத் தொடங்கிய பெண்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு உடம்பே கூசியது.

"நான் சிரிக்கேல்லை பிள்ளை, அது தானா வருது," என்று கையை நீட்டினாள்.

"என்னைத் தொடாதேங்கோ," என்று விலகினேன். அவள் சாகும்வரை அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை.

இன்று மகளிடம் அதையே சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும் அம்மா," என்று அவள் என் கையைப் பிடித்தாள். அப்போதுதான் அழுதேன். அன்று நான் விலகிய பிறகும் அம்மாவின் கை நீட்டியபடியே இருந்தது.